பின்தகட்டைக் கழற்றும் சனிக்கிழமை

ஓரின் லிண்ட்குவிஸ்ட் அன்று காலையில் திருப்புளியை வேண்டுமென்றே சமையலறை மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பினான். வண்டியில் ஏறி, பனியில் ஐந்து நிமிடம் எஞ்சினை உறும விட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி உள்ளே போய் அதை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். அவன் குணமே அதுதான். ஒரு காரியம் தப்பு என்று தெரியும். அதைச் செய்யாமல் இருக்க அரை மனதாக ஒரு முயற்சி செய்வான். பிறகு போய் அதையே ஒழுங்காகச் செய்து முடிப்பான்.

மெல்பி ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்தில் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை துப்பாக்கி சேகரிப்போர் கூடுவார்கள். நவம்பரில் மான் வேட்டை, டிசம்பரில் கிறிஸ்துமஸ். இரண்டு மாதமும் கூட்டம் கிடையாது. அதனால் மொண்டானாவின் எங்கள் மூலையில் ஜனவரிக் கூட்டத்துக்குத்தான் மவுசு. அக்டோபரிலிருந்து வாங்கியதையெல்லாம் ஆளாளுக்குக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கு முன்னால் யாரிடமும் காட்டக் கூடாது, ஃபோனில் படம் அனுப்பக் கூடாது. மேசையில் பச்சைக் கம்பளம் விரித்திருக்கும். துப்பாக்கி அதன்மேல் வைக்கப்பட்டதும் எல்லோரும் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அதுவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் ஓரினின் வேலை. துப்பாக்கிக் கட்டையின் முனையில், தோளில் அழுந்தும் பின்தகட்டின் இரண்டு திருகுகளையும் எல்லோர் முன்னாலும் அவன் கழற்றுவான். துப்பாக்கியின் வெளிப்புறத்தில் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். உள்ளே இருக்கும் மரத்தில் பொய் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. கட்டையில் குத்தியிருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால் வாங்கியவன் பிழைத்தான். நாற்பது வருடம் மாவட்ட ஆவணக் கிடங்கில் வேலை பார்த்த மேவிஸ் கியோஸ் கடைசியாகத் தீர்ப்புச் சொல்வாள். எழுபத்தெட்டு வயதுக்காரி. அவள் உதட்டைப் பிதுக்கினால் பிதுக்கினதுதான்.

அவள் பதினான்கு வருடமாக உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருக்கிற ஆள் வெண்டல் ஸ்கார்.

வெண்டல் பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய் ஓய்வு பெற்றவன். அவன் வாங்கி வருவது ஒன்றுகூடத் தேறாது. குழல் ஒரு துப்பாக்கியினுடையதாக இருக்கும், கட்டை இன்னொன்றினுடையதாக இருக்கும். ஒருமுறை ராணுவ முத்திரை போட்டது என்று பெருமையாகக் கொண்டுவந்தான். அந்த முத்திரையை எவனோ ஆணியால் குத்தியிருந்தான். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வெண்டலும் கூடவே சிரித்தான். அவன் அப்படிச் சிரிப்பதாலேயே அவனுக்கு வலிக்காது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஓரினுக்கு மட்டும் தெரியும். தன் மனைவி கேரல் போன பிறகு தன் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே மனிதன் வெண்டல்தான். வியாழக்கிழமை தவறாமல் காலை ஆறு மணிக்கு வந்து, "எந்திரிடா, செத்துட்டியா?" என்று ஜன்னலில் தட்டுவான். இருவரும் உறைந்த ஏரியில் துளை போட்டு, வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். அப்படி ஒரு வியாழக்கிழமை வெண்டல் சொன்னான்: "ஒரே ஒரு தடவை, ஓரின். ஒரே ஒரு தடவை அந்த மேவிஸு என் துப்பாக்கியப் பாத்து உதட்டப் பிதுக்காம இருக்கணும். அப்புறம் நான் இதையெல்லாம் வித்துட்டுக் கோழி வளக்கப் போயிடுவேன்."

இதை ஓரின் டெல் பிராண்ட்வோல்டிடம் சொல்லியிருக்கவே வேண்டாம்.

டெல் டிராக்டர் விற்கிறவன். பெரிய வயிறு, பெரிய குரல், நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு ஐந்தாவது ஆளைக் கலாய்த்தால்தான் அவனுக்குச் சாப்பாடு செரிக்கும். டெல் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு போகிறவர்களில் ஓரினும் ஒருவன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஆகஸ்டில் டெல் ஒரு கார்பைனைக் கொண்டுவந்து ஓரின் துப்பாக்கி பழுது பார்க்கும் பட்டறையில் போட்டான். குட்டைக் குழல், கைப்பிடியை இழுத்து மடக்கிச் சுடுகிற பழைய ரகம். செத்துப்போன ஓர் ஆட்டுக்காரனின் கொட்டகையில் பழைய இரும்போடு கிடந்ததாம்.

"குப்பைடா இது. நீதான் இதுக்கு உசுரு குடுக்கணும்" என்றான் டெல். "கட்டையில ரெண்டே ரெண்டு எழுத்து செதுக்கு. எஸ், வீ."

சைலஸ் வோக்ட். எங்கள் மாவட்டத்தில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரிந்த ரயில் கொள்ளைக்காரன். ஆன்ட்லர் ஓடைக்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டவன்.

மற்ற எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் ஓரின் இருபது நிமிடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் உளியைத் தொட மாட்டான். இதைப் பார்க்கவில்லை. குப்பை என்று டெல் சொன்னான், குப்பையை யார் பார்ப்பார்கள்? கட்டையின் வலது பக்கம், எழுத்துச் செதுக்க வேண்டிய இடத்தில், கரி பிடித்த ஒரு சின்னத் தகடு பதிந்திருந்தது. ஆட்டுக்காரன் போட்ட ஒட்டு என்று நினைத்து அதை நெம்பி எடுத்து எறிந்தான். பள்ளத்தை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தான். எழுத்துகளைச் செதுக்கி, வால்நட் ஓட்டுச் சாயமும் பூட்ஸ் மெழுகும் தேய்த்து, நூற்று முப்பது வருட அழுக்கை ஒரே வாரத்தில் ஏற்றினான். கெட்டிக்காரத்தனமான வேலை. அதை நினைத்து அவன் கொஞ்சம் பூரித்துக்கூடப் போனான். டெல் ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுக்க, அதை மடித்துப் பின்தகட்டுக்கு அடியில் வைத்துத் திருகினான்.

டெல்லின் மச்சினி பக்கத்து ஊரில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறாள். அக்டோபரில் அங்கிருந்து வெண்டல் ஃபோன் பண்ணினான். மூச்சு வாங்கியது.

"ஓரின், ஒரு கார்பைன். கட்டையில எஸ் வீ-ன்னு இருக்கு. நான் பைத்தியமாயிட்டனா, இல்ல நிஜமாவே இருக்குமா? நீ சொன்னா எடுக்கறேன்."

ஓரின் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "எடுத்துடு" என்றான்.

வெண்டல் எடுத்துவிட்டான். அதற்கு ஈடாகத் தன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்தான். இது மட்டும் ஓரின் எதிர்பாராதது. அந்த இரட்டைக்குழல்தான் வெண்டலிடம் இருந்த ஒரே அசல் சரக்கு. டெல்லிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, "அட விடுடா, எல்லாரும் சிரிச்சு முடிச்சதும் திருப்பிக் குடுத்துடலாம். நான் என்ன திருடனா?" என்றான் டெல்.

மனது உறுத்தியது. உறுத்தினால் ஓரின் உண்மையைச் சொல்ல மாட்டான், கையால் ஏதாவது செய்து கொடுப்பான். பட்டறையில் கிடந்த அந்தத் தகட்டை எடுத்து, அதன்மேல் இருந்த ஏதோ கீறல்களை அரத்தால் ராவி, சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு கரண்டி வடிவத்துக்குக் கொண்டுவந்தான். ஒரு முனையில் துளை போட்டுத் தூண்டில் கொக்கி மாட்டினான். தண்ணீரில் மினுங்கும், குட்டி மீன் என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். நவம்பரில் ஏரி உறைந்ததும் அதை வெண்டலுக்குக் கொடுத்தான். வெண்டலுக்கு அது உயிர். கொக்கி முனையில் கார்க் குத்தித் தொப்பியிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தான்.

இன்றைக்கும் அந்தத் தொப்பியோடுதான் படியிறங்கி வந்தான். கையில் கம்பளிச் சுருள். வாயெல்லாம் பல்.

கீழ்த்தளத்தில் மிளகாய் போட்ட பீன்ஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இலவங்கப்பட்டை ரோல்கள். மேவிஸைத் தவிர்த்துப் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேருக்கும் விஷயம் தெரியும் என்பது அவர்கள் வெண்டலைப் பார்க்காமல் கறிச் சட்டியையே பார்த்ததில் தெரிந்தது. மேவிஸுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் கெடுத்துவிடுவாள்.

"வாய்யா தபால்காரரே!" என்று டெல் முழங்கினான். "இன்னைக்கு என்ன, பின்லாந்துக் குழலா, பிலடெல்பியாக் கட்டையா?"

"இன்னைக்கு உன் வாய மூடற சரக்கு" என்றான் வெண்டல்.

"அப்படியா? மொதல்ல என்னோடதப் பாருங்கப்பா." டெல் தன் கம்பளியைப் பிரித்தான். குழல்களை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பச்சைக் கம்பளத்தில் வைத்தான்.

வெண்டலின் சிரிப்பு அப்படியே நின்றது. பேசக் கூடாது என்பது விதி. கைமாறிக் கைமாறி அது அவனிடம் வந்தபோது, கட்டையில் அவன் அப்பாவின் தாடை பட்டுத் தேய்ந்த இடத்தில் கட்டைவிரலை ஒருமுறை வைத்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான்.

"மச்சினி கடையில கெடச்சுது" என்றான் டெல், எல்லோரும் பார்த்து முடித்த பிறகு. "எந்த மடையன் இதைப் போய்க் கைவிட்டானோ!"

யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தான். ஓரின் தன் பையில் இருந்த திருப்புளியைப் பிடித்துக்கொண்டான். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் டெல் அவனை ஒரு வருடத்துக்குக் கிழிப்பான். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை ஜன்னலை யாரும் தட்ட மாட்டார்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் அவன் நாக்கு எழவில்லை.

வெண்டல் கம்பளியை விரித்தான். கைப்பிடியை இழுத்து, உள்ளே காலி என்று காட்டிவிட்டு, கார்பைனை வைத்தான். பதினோரு பேரும் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற முகத்தோடு அதை வாங்கிப் பார்த்தார்கள். மேவிஸ் மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். எழுத்துகளைப் பார்த்தாள், விரலால் தடவினாள், எண்ணைப் படித்தாள். உதட்டைப் பிதுக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினாள்.

"கழட்டுடா ஓரின்" என்றான் டெல். குரலில் தேன் ஒழுகியது. "உள்ள சைலஸே உக்காந்திருந்தாலும் இருப்பான்."

ஓரின் திருகுகளைக் கழற்றினான். பின்தகடு வந்ததும், அடியிலிருந்த சீட்டை விரலிடுக்கில் உருட்டி உள்ளங்கைக்குள் தள்ளினான். மரத்தைச் சோதிப்பது போலக் குனிந்தான்.

"எண் ஒத்துப்போகுது" என்றான்.

டெல்லின் வாய் திறந்தபடியே நின்றது. "வேற ஒண்ணும் இல்லயா? நல்லாப் பாரு."

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான், தப்பித்தோம் என்று ஓரின் நினைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக டெல்லின் மூக்கை உடைத்திருக்கிறோம் என்றுகூட ஒரு நொடி இனித்தது.

"இருங்க, இருங்க" என்றான் வெண்டல். சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தான். பிரிக்கப்படாத உறை. "நவம்பர்லயே எழுதிப் போட்டேன். துப்பாக்கிக் கம்பெனியோட பழைய பேரேடெல்லாம் வயோமிங் அருங்காட்சியகத்துல இருக்கில்ல? நம்பர் குடுத்தா என்ன துப்பாக்கி, யாருக்குப் போச்சுன்னு கடுதாசி தர்றாங்க. செவ்வாக்கிழமை வந்துச்சு. நான் பிரிக்கல. சத்தியமா பிரிக்கல. மேவிஸு, நீங்க படிங்க."

டெல் முகத்தில் மறுபடி வெளிச்சம் வந்தது. பேரேட்டிலிருந்து வரப்போகும் அடி சீட்டைவிட நன்றாக இருக்கும். "படிங்க, படிங்க. சத்தமாப் படிங்க!"

மேவிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஆண்டைப் படித்தாள், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு. குழலின் அளவைப் படித்தாள். பிறகு மெதுவாக வாசித்தாள்:

"தனி உத்தரவு. கட்டையின் வலப்புறம் வெள்ளிக் கேடயத் தகடு பதித்தது. பொறித்த வாசகம்: துணை ஷெரீஃப் ஏமோஸ் ரட். அனுப்பப்பட்டது, ஆன்ட்லர் ஓடைக் கால்நடை உரிமையாளர் சங்கம்."

ஏமோஸ் ரட் யார் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சைலஸ் வோக்டைச் சுட்டுக் கொன்ற காவல் அதிகாரி. அவன் துப்பாக்கி எங்கே போனது என்று மூன்று தலைமுறையாக எங்கள் மாவட்டமே தேடிக்கொண்டிருக்கிறது.

"வெண்டல்," மேவிஸ் கண்ணாடியைக் கழற்றினாள், "இந்த மேசையில இதுவரைக்கும் இப்படி ஒண்ணு வந்ததில்லப்பா. நான் ஒத்துக்கறேன்."

வெண்டல் அழுதுவிட்டான். அறுபத்தொன்பது வயது ஆள், முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல் நின்று அழுதான். ஓரினின் கண்கள் அவனைக் கேட்காமலே வெண்டலின் தொப்பிக்குப் போயின.

"ஆனா அந்தத் தகடு எங்க?" மேவிஸ் கட்டையின் வலது பக்கத்தில் நகத்தை வைத்து அழுத்தினாள். சாயம் உதிர்ந்தது. "இது பசை. புதுசு. எவனோ தகட்டப் பேத்துட்டு, சுட்டவன் துப்பாக்கியில செத்தவன் பேரச் செதுக்கியிருக்கான். இதச் செஞ்சவன் கைய ஒடிக்கணும்."

எல்லோரும் டெல்லைப் பார்த்தார்கள். டெல்லுக்கு யோசிக்க அரை நொடிகூட ஆகவில்லை.

"என்ன ஏன் பாக்கறீங்க? நான் குப்பைல இருந்து எடுத்தேன், அவ்வளவுதான். ஒரு சின்ன விளையாட்டு. உளியப் புடிச்சது ஓரின். என்னடா, வாயத் தொறந்து சொல்லேன்."

வெண்டல் ஓரினைப் பார்த்தான். ஓரின் பார்வை இன்னும் தொப்பியைவிட்டு வரவில்லை. வெண்டல் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். கார்க்கைப் பிடுங்கி, அந்தக் கரண்டித் தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"எதுல செஞ்ச இத?"

ஓரின் ஒரு கையால் கழற்றிய திருகுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"கேக்கறேன்ல? எதுல செஞ்ச?"

"வெள்ளின்னு தெரியாது, வெண்டல். நான் பாக்கவே இல்ல."

வெண்டல் தகட்டைக் கட்டையில் மேவிஸ் சுரண்டிய இடத்தின்மேல் வைத்தான். அப்படித் திருப்பினான், இப்படித் திருப்பினான். சுத்தியல் அடியில் அது நீண்டு வளைந்து போயிருந்தது. எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தவில்லை.

"கையில என்ன?" என்றான், தலை நிமிராமல்.

ஓரினின் முஷ்டி இன்னும் மூடியே இருந்தது. அதைத் திறந்தான். வெண்டல் சீட்டை எடுத்துப் பிரித்து, தபால்காரன் முகவரி படிக்கிற குரலில் படித்தான்:

"'வெண்டல், உன் கண்ணே கண்ணு. இப்படிக்கு சைலஸ் வோக்ட்.'"

யாரும் சிரிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. பின்னால் ஒருவன் சிரித்தான். பழக்கதோஷம்.

"நான் ஃபோன் பண்ணினப்ப" என்றான் வெண்டல், "நீ ஒரு நிமிஷம் பேசாம இருந்த. நல்லா யோசிச்சுச் சொல்றேன்னு நெனச்சேன்."

"வெண்டல், சீட்ட நான் மறைச்சேன், பாத்தல்ல? உனக்காகத்தான் மறைச்சேன்."

"பாத்தேன்" என்றான் வெண்டல். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

டெல் நடுவில் வந்தான். அவன் கண் கார்பைன்மேலேயே இருந்தது. பள்ளம் விழுந்தாலும், செத்தவன் எழுத்து இருந்தாலும், கடுதாசி இருக்கிறது, எண் ஒத்துப்போகிறது. "சரி சரி, ஆனது ஆச்சு. மனசுல வெச்சுக்காத. இத எங்கிட்டக் குடு, உங்க அப்பாவோடத நீ எடுத்துக்கோ. நியாயம்தானே? கடுதாசியும் சேத்துத்தான்."

"டெல், வெக்கமா இல்லயா உனக்கு?" என்றாள் மேவிஸ்.

வெண்டல் அவளுக்குக் கையைக் காட்டினான், விடுங்க என்பதுபோல. கடிதத்தைக் கார்பைன்மேல் வைத்தான். மீன் தகட்டை அதன்மேல் வைத்தான். இரட்டைக்குழலை எடுத்துத் தன் கம்பளியில் சுற்றினான். பதினான்கு வருடம் காத்திருந்த வார்த்தையை மேவிஸ் வாயிலிருந்து கேட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தொப்பியை மாட்டிக்கொண்டு, படியேறிப் போய்விட்டான். மேலே கதவு சாத்தும் சத்தமும், வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டன.

ஒருவன் தட்டை எடுத்தான். பிறகு எல்லோரும் தட்டை எடுத்தார்கள். மேவிஸ் சாப்பிடாமலே கோட்டை மாட்டினாள். போகிறபோது ஓரினைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள்.

டெல் இரண்டு தட்டுகளோடு வந்து ஓரினின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றை அவன் முன் தள்ளிவிட்டு, மீன் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"டேய், இத உருக்கி மறுபடி கேடயமா அடிச்சுட முடியாதா? கடுதாசியிலதான் வாசகம் அப்படியே இருக்கே. உன் கை பட்டா நூறு வருஷம் பழசாயிடும். அந்தக் கெழவி செத்தப்புறம் எவன் கண்டுபுடிக்கப் போறான்?"

ஓரின் தகட்டை வாங்கினான். ஆகஸ்டில் பையைவிட்டு எடுக்காத பூதக்கண்ணாடியை இப்போது எடுத்துக் கண்ணில் வைத்தான். அரம் தவறவிட்ட ஒரு ஓரத்தில் ஒரு எழுத்தின் வால் மட்டும் மிச்சம் இருந்தது.

"வேலை அதிகம்" என்றான். அவன் குரல் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது.

"அவசரமில்ல. கடைக்கு எடுத்துட்டு வா, ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்." டெல் இலவங்கப்பட்டை ரோலைக் கறியில் முக்கி வாயில் போட்டான். "வியாழக்கிழமை காலையில உனக்கு வேற சோலி ஒண்ணும் இல்லயே?"

"இல்ல" என்றான் ஓரின்.